வீட்டுக்காரியின் குரல்

விமலேஸ்வரி சைக்கிளை மிதித்தபடியே வாசலைப் பார்த்தாள். ஐயா வாய்க்காலில் மண்வெட்டி கழுவி முடித்துப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். முற்றத்தின் நடுவில் நின்றார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். பிறகு படியடியில் வந்து ஒருமுறை செருமினார்.

“ஆர் பிள்ளை வந்தது?”

“ஒருத்தரும் வரேல்லை ஐயா. ரேப் றெக்கோடர்தான்.”

தகப்பன் ஐயாத்துரை உள்ளே எட்டிப் பார்த்தார். சைக்கிள் ஸ்ராண்டில் நின்றது. பின்சில்லு நிலத்தில் படாமல் சுற்றிக்கொண்டிருந்தது. டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் பெட்டகத்தின் மேலிருந்த ரேப் றெக்கோடருக்குப் போயின. இளையவள் தாட்சாயினி பாயில் இருந்து அதற்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். ரேப்பிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. கனத்த குரல். சேற்றில் புதைந்த காலை இழுத்து எடுப்பதுபோல ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக எடுத்து வைத்தது.

“நான் ஆரோ கொன்வென்ற் மதர் எண்டெல்லே நினைச்சன்.”

“மிசிஸ் பார்லோ,” என்றாள் தாட்சாயினி. “லண்டனிலை அறை வாடகைக்கு விடுறவா. படிக்க வாற பிள்ளையளுக்கு.”

“என்ன வயசிருக்கும்?”

“குரலைப் பாத்தா எழுபது சொல்லலாம்,” என்றாள் விமலேஸ்வரி. “நெஞ்சு நிறையச் சளி.”

“குளிர் நாடெல்லே,” என்று சொல்லி ஐயாத்துரை சாரத்தைத் திரும்ப மடித்துக் கட்டிக்கொண்டு குசினிப் பக்கம் போனார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டின் மாரி அது. உருத்திரபுரத்தில் மின்சாரம் நின்று மூன்று வருடமாகியிருந்தது. பற்றறி தடைசெய்த சாமான். வவுனியாவில் ஆமி மறித்து எடுத்துவிடும். தப்பி வருகிற ஒன்றிரண்டும் இந்த வீட்டுக்கு வராது. கிளிநொச்சியில் றேடியோ திருத்துகிற இளையதம்பிதான் எதையோ ஒரு தகரப் பேணிக்குள் வைத்துப் பற்றவைத்து, டைனமோவில் ரேப்பை ஓட வைத்துக் கொடுத்தார்.

“இறுக்கி மிதிச்சாக் கெதியாக் கதைக்கும். மெல்ல மிதிச்சா இழுக்கும்,” என்று அவர் சொல்லியிருந்தார். “தெரிஞ்ச பாட்டு ஒண்டைப் போட்டு வேகத்தைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. பிறகு கால் அதிலையே நிக்கோணும்.”

வீட்டில் பாட்டுக் கசெற் இருக்கவில்லை. அடுத்த வளவுப் பத்மாசனியிடம் ஒன்று இருந்தது. வாங்க வேண்டும் என்று சகோதரிகள் பேசிக்கொண்டார்கள். அது விதைப்பு நேரம். பிறகு களை வந்தது. கேட்கவில்லை.

முதல்நாள் விமலேஸ்வரி இறுக்கித்தான் மிதித்தாள். தாட்சாயினி கையை உயர்த்தினாள்.

“கொஞ்சம் மெல்ல அக்கா. பிடிக்க ஏலாமல் கிடக்கு.”

மெல்ல மிதித்தாள். குரல் இறங்கியது.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னும் இறங்கியது. தாட்சாயினி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். “இப்ப ஒவ்வொரு சொல்லும் விளங்குது.”

அதுவே வேகமாயிற்று. பகல் முழுவதும் வயற்சேற்றில் நின்று வந்த கால்களுக்கும் அதுதான் தோதாக இருந்தது.

தாட்சாயினி தாவரவியலில் சிறப்புப் பட்டம் எடுத்தவள். நெற்பயிருக்கு வரும் நோய்களைப் பற்றி மேலே படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. செலவையும் அவர்களே ஏற்பார்கள். பட்டதாரிகளுக்கான ஆங்கிலச் சோதினை ஒன்றில் மட்டும் சித்தியடைய வேண்டும். சோதினை பங்குனி மாதம், கொழும்பில். வாசிப்பும் எழுத்தும் அவளுக்குப் பயமில்லை. அவள் படித்த புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். கேட்பதும் கதைப்பதும்தான். ஆங்கிலத்தில் கதைக்க உருத்திரபுரத்தில் ஆள் இல்லை. கொழும்பில் இருந்த சித்தப்பாவின் மகன் ஒரு புத்தகமும் கசெற்றும் அனுப்பினான்.

அம்மா மலேரியாவில் போனபோது தாட்சாயினிக்குப் பத்து வயது. விமலேஸ்வரி அந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டாள். சோறு ஆக்கினாள். வயலில் இறங்கினாள். இப்போது அவளுக்கு முப்பத்து மூன்று. கலியாணப் பேச்சு இரண்டு முறை வந்து போயிருந்தது. ஆங்கில எழுத்துக்களைக் கூட்டி வாசிப்பாள். அது போதும் என்றாள் தங்கை. புத்தகத்தில் இருக்கிற கேள்வியை அக்கா கேட்க வேண்டும். தான் பதில் சொல்ல வேண்டும்.

மாலையில் கிணற்றடியில் குளித்துவிட்டு, இருட்ட முதல் தொடங்குவார்கள். மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தல் விளக்கில் திரி சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்தான் எரியும்.

ஒருநாள் விமலேஸ்வரி டாக்குத்தர். ஒருநாள் புகையிரத நிலையத்தில் ரிக்கற் கொடுப்பவள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி. கையில் புத்தகத்தோடு, சைக்கிளில் இருந்தபடியே கேட்பாள்.

“வாட் டூ யூ டூ அற் வீக்கெண்ட்ஸ்?”

தாட்சாயினி நிமிர்ந்து இருந்து, நண்பிகளோடு படம் பார்க்கப் போவதாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

“எப்ப போனனி?”

“சும்மா சொல்லுறது அக்கா. சனி ஞாயிறிலை என்ன செய்வாய் எண்டு கேட்டா, அவை உப்பிடித்தான் எதிர்பார்ப்பினம்.”

“உள்ளதைச் சொன்னா என்ன?”

“என்ன உள்ளது?”

“களை பிடுங்கிறது. சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தாலை உடுப்புத் தோய்க்கிறது. ஹெலி வந்தாப் பங்கருக்கை ஓடுறது.”

“உதுகளுக்கு இந்தப் புத்தகத்திலை சொல் இல்லை.”

“ஏன் இல்லை? பங்கர், ஷெல், ஹெலி, பொம்மர், பாஸ். எல்லாம் இங்கிலீசுதானே. எனக்கே எவ்வளவு தெரியுது பார். உதுகளைக் கேக்கமாட்டினமோ?”

“கேக்கமாட்டினம்.”

“அப்ப என்னை அனுப்பிப் பிரயோசனம் இல்லை,” என்றாள் விமலேஸ்வரி. அடுத்த கேள்விக்குப் போனாள். உங்கள் வீட்டுக்கு அருகில் பூங்கா உண்டா என்று புத்தகம் கேட்டது. உண்டு என்றாள் தாட்சாயினி. அங்கே வாத்துகள் நீந்தும்.

கசெற்றில் மிசிஸ் பார்லோவின் பாடம்தான் விமலேஸ்வரிக்குப் பிடித்தது. மாணவி ஒருத்தி வாசலில் வந்து மணி அடிப்பாள். அது கோயில் கண்டாமணிபோல நீளமாக ஒலிக்கும்.

“வீட்டுக்குள்ளை கண்டாமணி வைச்சிருக்கிறா. நல்ல சைவக்காரி,” என்று விமலேஸ்வரி சொல்வாள்.

பிறகு மிசிஸ் பார்லோ விசாரிப்பாள். காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு வேண்டும், புகைப்பாயா, இன்னொரு போர்வை தேவையா. மாணவி எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வாள். கடைசியில் மிசிஸ் பார்லோ, “கம் அப், மை டியர். யுவர் ரூம் இஸ் ரெடி,” என்பாள். மேலே வா பிள்ளை, உன்னுடைய அறை தயார்.

அந்த வசனம் வீட்டுக்குள் ஊறிவிட்டது. தாட்சாயினி குளித்துவிட்டு வந்தால் விமலேஸ்வரி குரக்கன் புட்டுக் கோப்பையை அடுப்படியில் வைத்து, “யுவர் ரூம் இஸ் ரெடி,” என்று அடித்தொண்டையில் கூப்பிடுவாள். சாப்பாடு ஆயிற்று என்று ஐயாத்துரைக்கும் விளங்கும். அவரும் எழும்பி வருவார்.

மார்கழிப் பனியில் நெல் குடலை கட்டியது. தையில் பழுத்தது. மாசியில் அருவி வெட்டு. தாட்சாயினியும் வெட்டினாள். அரிந்த நெற்கதிர்களை உப்பட்டி உப்பட்டியாக வைத்துக்கொண்டு போகும்போது வாய்க்குள் சொற்களை அடுக்குவாள். பத்மாசனி அடுத்த வயல் வரவையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். வேலைக்கு வேலை என்று கைமாற்றுக்கு வெட்ட வருகிறவள். வாய் சும்மா இராது.

“என்ன விமலா, நேற்று உன்ர லண்டன் மாமி ஒரே அனுங்கல். சுகமில்லையோ?”

“மல்லித்தண்ணி வைச்சுக் குடுத்தனான்.”

“எனக்கு ஒண்டு விளங்கேல்லை. இவ்வளவு காலம் மிதிக்கிறாய். ஒரு முழம் தூரம் போனியோ?”

“நான் போறதுக்கோ மிதிக்கிறன்?”

“அதுதான் கேக்கிறன். அவள் போனா நீ பிறகு ஆருக்கு மிதிக்கப் போறாய்?”

விமலேஸ்வரி அரிவாளை மற்றக் கைக்கு மாற்றி விரலை உதறினாள். “உனக்கு மிதிக்கிறன். நீயும் சோதினை எடு.”

பத்மாசனி சிரித்தாள். தாட்சாயினி சிரிக்கவில்லை.

மதியம் வரம்போர மருதமரத்தின் கீழ் கஞ்சி குடித்தார்கள். குளத்தில் பிடித்த யப்பான் மீன் கருவாடு சுட்டு வந்திருந்தது. பத்மாசனி வீட்டுக்குப் போயிருந்தாள். ஐயா தூரத்தில் களத்துக்குச் சாணி கரைத்து மெழுகிக்கொண்டிருந்தார்.

“இயக்கத்திட்டை வெளியிலை போற பாஸுக்குப் போகோணும் அக்கா,” என்றாள் தாட்சாயினி. “என்ர வயசுக்குப் பிணை இல்லாமல் விடமாட்டினம்.”

“தெரியும்.”

“வீட்டிலை ஒராள் நிக்கோணும். திரும்பி வராட்டி...”

“எல்லாம் தெரியும். நான் நிக்கிறன்.”

“நான் சோதினை எழுதிப்போட்டு வந்திடுவன். மறுமொழி வந்த பிறகு முறையாப் பாஸ் கேட்டுப் போகலாம்.”

விமலேஸ்வரி கருவாட்டு முள்ளை எடுத்து நாய்க்குப் போட்டாள்.

“அந்தப் பாஸ் தரமாட்டினம். உனக்கும் தெரியும். போன வருசம் நாகேந்திரத்தாற்றை பெட்டைக்குக் குடுத்தவையே? அவள் இப்ப பாலர் வகுப்புப் படிப்பிக்கிறாள்.”

“அப்ப என்ன செய்யிறது?”

“எழுதி முடிய உனக்கே தெரியும், நல்லாச் செய்தனியோ இல்லையோ எண்டு. நல்லாச் செய்திருந்தா அங்கையே நில். வராதை.”

தாட்சாயினி சிரட்டையைக் கீழே வைத்தாள். “உங்களை என்ன செய்வினம்?”

“என்னை என்ன செய்யிறது? ரெண்டுதரம் கூப்பிட்டுப் பேசுவினம். காணியை எடுப்பினம்.”

“ஐயா காடு வெட்டின காணி.”

“இப்ப அதிலை குனியிறது ஆரின்ர முதுகு?”

களத்தில் ஐயா இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தார். இவர்களைப் பார்த்து வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

“ஐயாவுக்குச் சொல்லாதை,” என்றாள் விமலேஸ்வரி. “அவர் யாழ்ப்பாணத்தை விட்டு இந்தக் காணிக்கு வந்த மனிசன். தாங்கமாட்டார்.”

பாஸ் கொடுக்கிற கந்தோரில் மூவரும் வாங்கில் காத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவனுக்கு மீசை இன்னும் சரியாக வரவில்லை. மரியாதையாகத்தான் கதைத்தான்.

“என்னத்துக்குக் கொழும்பு?”

“சோதினை எழுத,” என்றாள் தாட்சாயினி.

“பட்டம் எடுத்தனீங்கள் எண்டு போட்டிருக்கு. பிறகென்ன சோதினை?”

“இங்கிலீசுச் சோதினை.”

“இங்கிலீசு தெரியாமலோ பட்டம் எடுத்தனீங்கள்?”

“தெரியும். தெரியும் எண்டதுக்கு ஒரு சோதினை.”

அவன் பேனையால் காதோரம் சொறிந்தான். “ஏதும் கதையுங்கோ பாப்பம்.”

தாட்சாயினி தடுமாறினாள். பிறகு நிமிர்ந்து இருந்து, ஒவ்வொரு சொல்லாக, மிசிஸ் பார்லோவின் வேகத்தில் சொன்னாள். அவன் கவனமாகக் கேட்டான். விமலேஸ்வரியின் பக்கம் திரும்பினான்.

“என்ன சொன்னவா அக்கா?”

“சனி ஞாயிறிலை நண்பியளோடை படம் பாக்கப் போறவவாம்.”

“எங்கை படம் ஓடுது?”

“புத்தகத்திலை ஓடுது தம்பி.”

அவன் சிரித்துவிட்டான். சிரித்தது பிழை என்பதுபோல உடனே பேப்பரைப் பார்த்தான்.

“இங்கை பள்ளிக்கூடங்களிலை இங்கிலீசு படிப்பிக்க ஆளில்லை. இவ பாஸ் பண்ணினாப் பிறகு என்ன செய்வா?”

“பிறகும் வந்து உங்களிட்டைத்தானே பாஸ் கேக்கோணும்,” என்றாள் விமலேஸ்வரி.

“காணி ஆற்றை பேரிலை?”

“என்ர பேரிலை,” என்றார் ஐயாத்துரை. “கவுண்மேந்து தந்த பேர்மிற் காணி. மூண்டு ஏக்கர்.”

“ஐயா, இதை விளங்கிக்கொள்ளுங்கோ. ரெண்டு கிழமைதான் பாஸ். மூத்தவ பிணை. கிழமைக்கு ஒருக்கா இஞ்சை வந்து கையெழுத்து வைக்கோணும். இவ வராட்டிக் காணி எங்கட பொறுப்பிலை...”

“வருவாள்,” என்றார் ஐயாத்துரை. அவன் சொல்லி முடிக்கவில்லை.

விமலேஸ்வரி கையெழுத்து வைத்தாள். விரலில் நெற்சுணை கடித்த தழும்பு இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, “வெட்டு முடிஞ்சுதோ?” என்று கேட்டான். “எங்கட வீட்டிலை இன்னும் முடியேல்லை,” என்று தானே சொன்னான்.

தாட்சாயினி போன அன்று கையில் இருந்தது ஒரு பை. அதற்குள் இரண்டு சட்டை, சோதினைத் துண்டு, புத்தகம், கசெற். போகிற வழியில் வாசித்துக்கொண்டு போவதாகச் சொன்னாள். ஐயா அவளைக் கண்டி றோட்டு வரை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். படலையடியில் விமலேஸ்வரி தங்கையின் பின்கழுத்தில் பின்னலைச் சரிசெய்து விட்டாள்.

“சொன்னது ஞாபகமோ?” என்றாள் காதுக்குள்.

தாட்சாயினி ஐயாவைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

ஐயாத்துரை பின்னேரம் ஆனால் கண்டி றோட்டுப் பக்கம் போனார். உப்பு வாங்க, சாக்கூசி வாங்க, யாரோ வரச்சொன்னதாக. ஓமந்தைப் பக்கமிருந்து வருகிற சைக்கிள்காரர்களிடம் பாதையைப் பற்றி விசாரித்தார். தாண்டிக்குளத்தில் சனத்தை விடுகிறானா, வவுனியாவில் எத்தனை நாள் மறித்து வைக்கிறான். திரும்பி வந்து, “விடுறானாம்,” என்பார். விமலேஸ்வரி, “ஓம்,” என்பாள்.

அவள் களத்தில் நின்றாள். டீசல் இல்லை. உழவு இயந்திரம் தகரக் கொட்டிலுக்குள் நின்றது. எருமைக் கடாக்களைப் பிணைத்து, கதிரின் மேல் நடக்கவிட்டுத்தான் சூடு மிதித்தார்கள். அவை சுற்றிச் சுற்றி வந்தன. அவள் பின்னால் நடந்தாள். பொலி தூற்றச் சோளகக் காற்று இன்னும் எழவில்லை. சுளகால் விசிறினார்கள். ஒவ்வொரு பின்னேரமும் ஐயா தனியாகத் திரும்பி வருவதைக் காணும்போது அவளுக்குச் சாப்பிட முடிந்தது.

கந்தோரில் அந்தப் பெடியன், “தங்கச்சி வந்திட்டாவோ?” என்று கேட்டான்.

“இன்னும் நாளிருக்குத்தானே தம்பி.”

“ஓம். நாளிருக்கு.”

அவன் கதிரையைக் காட்டினான். அவள் நின்றபடியே கையெழுத்து வைத்தாள். வரும் வழியில் வாய்க்கால் கட்டில் சைக்கிளை நிறுத்தி இறங்கி, தங்கள் காணியைப் பார்த்தாள். அரிதாள் நின்ற வயல். நடுவில் ஐயா வெட்டாமல் விட்ட ஒற்றைப் பாலைமரம். இது இல்லாமல் போனால் எங்கே போவது என்று யோசித்துப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய வயலில் கூலிக்கு நிற்பாள். அதே சேறுதான். ஐயாவைப் பற்றி யோசிக்கவில்லை. திரும்ப ஏறி மிதித்தாள்.

பாஸ் முடிய ஒரு நாள் இருந்தது. பகல் வெயில். அவள் களத்தில் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தாள். வாய்க்கால் கட்டில் ஐயா வருவது தெரிந்தது. அவர் அவ்வளவு விரைவாக நடந்து அவள் கண்டதில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடுவதுபோல வந்தார். ஹாண்டிலில் ஒரு பை தொங்கியது. பின்னால், அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காமல், தாட்சாயினி வந்தாள்.

விமலேஸ்வரி வைக்கோற்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வந்திட்டாள்,” என்றார் ஐயாத்துரை. “நான் சொன்னனான் எல்லே? ஒரு நாள் முந்தியே வந்திட்டாள்.” மூச்சு வாங்கியது. முகம் முழுவதும் வியர்வை. “முதலிலை கந்தோருக்குப் போய்க் காட்டிப்போட்டு வாங்கோ. ரெண்டு பேரும் போங்கோ. நான் சேவலைப் பிடிக்கிறன்.”

கந்தோரில் விமலேஸ்வரியின் பெயருக்கு மேல் கோடு கீறினார்கள். அந்தப் பெடியன், “சந்தோசம் அக்கா,” என்றான். உண்மையாகவே சந்தோசப்பட்டான். “சோதினை எப்பிடி?” என்று தாட்சாயினியிடம் கேட்டான். “பரவாயில்லை,” என்றாள்.

வழியில் இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார்கள். வாய்க்கால் கட்டில் ஏறியதும் விமலேஸ்வரி கேட்டாள்.

“சொல்லு.”

“எழுதினன்.”

“எழுதினது தெரியும்.”

“வவுனியாவிலை மறிச்சு வைச்சிட்டாங்கள். கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது முதல்நாள் பின்னேரம். விடிய மண்டபத்துக்குப் போனன். வாசிப்புச் செய்தன். எழுத்துச் செய்தன். கதைக்கிறதிலை ஒரு மனிசன் இருந்து கேட்டார். சனி ஞாயிறிலை என்ன செய்வீங்கள் எண்டு.”

“படம் பாக்கிறது.”

“சொன்னன். கடைசியா என்ன படம் பாத்தனீங்கள் எண்டு கேட்டார்.”

“என்ன சொன்னனி?”

“ஒரு படமும் வாயிலை வரேல்லை. சிரிச்சுக்கொண்டு இருந்தன்.”

வாய்க்காலில் தண்ணீர் குறைவாக ஓடியது.

“அது பரவாயில்லை அக்கா. கேக்கிற பகுதிதான். ரேப்பைப் போட்டாங்கள். நான் முதல் கேள்விக்கு என்ன சொல்லுகினம் எண்டு பிடிக்கேக்கை அவை நாலாவது கேள்விக்குப் போயிட்டினம். கோழி கொத்தின மாதிரிக் கதைச்சினம். எனக்குப் பக்கத்திலை இருந்த பிள்ளை நிறைய எழுதுது. நான் பேனையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். முழுக்க வெறுமை.”

“வேறை மாதிரி இங்கிலீசோ?”

“அதே இங்கிலீசுதான்.”

தாட்சாயினி நின்றாள். அவள் அழவில்லை. பின்னேர வெயில் முகத்தில் நேராக அடித்தது.

“சோதினை முடிஞ்சு கசெற் அனுப்பின அண்ணை வீட்டை வந்து அதைக் கறன்ரிலை போட்டுப் பாத்தன். மிசிஸ் பார்லோ கிழவி இல்லை அக்கா. என்ர வயசு இருக்கும்.”

விமலேஸ்வரி சைக்கிளை உருட்டினாள். சிறிது தூரம் போனபின், “நீதான் மெல்ல மிதிக்கச் சொன்னனி,” என்றாள்.

“ஓம். நான்தான்.”

“இன்னும் மெல்ல எண்டும் சொன்னனி.”

“ஓம் அக்கா.”

“எனக்கும் கால் உளைவு,” என்றாள் விமலேஸ்வரி.

அன்றைக்குச் சேவற்கறி. புது நெல் குத்திய சோறு. ஐயாத்துரை பத்மாசனிக்கும் ஒரு கோப்பை கொடுத்தனுப்பினார். பத்மாசனி கோப்பையைத் திருப்பிக் கொண்டு வந்தபோது அதற்குள் நாலு பனங்கட்டித் துண்டு இருந்தது. “பிள்ளை வந்தது பெரிய புண்ணியம். உங்கட காணி தப்பிச்சுது, அண்ணை,” என்றாள். ஐயாத்துரை, “காணி கிடக்கட்டும். பிள்ளையெல்லோ,” என்றார். ஆனால் சாப்பிட்டவுடன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய், இருட்டும் வரை பாலைமரத்தடியில் இருந்துவிட்டு வந்தார்.

மறுநாள் பின்னேரம் அவர் முற்றத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறப்பார்கள் என்று கூட்டத்தில் பேசியிருந்தார்கள். அதைப் பற்றி அவர் குசினியை நோக்கிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வரவைக்கு முதலில் பாய்ச்சுவது, யார் எந்தப் பக்கம் நிற்பது. மூன்று பேரையும் கணக்கில் வைத்துத்தான் சொன்னார்.

தாட்சாயினி சைக்கிளை உள்ளே கொண்டுவந்து ஸ்ராண்டில் ஏற்றினாள். வயர்களைக் கொழுவினாள். கசெற்றைப் போட்டாள்.

“இனி என்னத்துக்கு?” என்றாள் விமலேஸ்வரி. “இன்னொருதரம் பாஸ் தருவினமே?”

“தரமாட்டினம். நீங்கள் பாயிலை இருங்கோ அக்கா.”

விமலேஸ்வரி கையைச் சட்டையில் துடைத்துவிட்டு இருந்தாள். தாட்சாயினி ஏறி மிதித்தாள். முழுப் பலத்தோடு மிதித்தாள். சைக்கிள் நின்ற இடத்திலேயே குலுங்கியது.

மணி அடித்தது. அது கண்டாமணி இல்லை. ஐஸ்பழக்காரன் அடிக்கிற மணி. கதவு டக்கென்று திறந்தது. ஒரு பெண் பேசினாள். மெல்லிய, துள்ளுகிற குரல். மாணவி பேசினாள். திரும்ப அவள் பேசினாள். விமலேஸ்வரிக்கு அந்தப் பாடம் முழுவதும் மனப்பாடம். உதடுகள் தானாகவே அசையத் தொடங்கின. காலைச் சாப்பாட்டைப் பற்றிய கேள்வியை அவள் வாய்க்குள் முடிப்பதற்குள் ரேப்பில் அந்த இருவரும் எங்கேயோ போய்விட்டார்கள். எதைப் பற்றியோ சிரித்தார்கள். அவள் போர்வையைத் தேடினாள். அது எந்த இடத்தில் வந்து போனது என்று தெரியவில்லை. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

தாட்சாயினியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் அக்காவைப் பார்க்கவில்லை. முன்சில்லைப் பார்த்து மிதித்தாள்.

வெளியே ஊசி நின்றது.

“ஆர் பிள்ளை அது?” ஐயாத்துரை கேட்டார். “புதுசா ஒரு பெட்டை கதைக்குது?”

தாட்சாயினி காலை எடுத்துவிட்டாள். சில்லு தன்பாட்டில் சுற்றியது. சுற்றுக் குறையக் குறையக் குரல் இறங்கியது. அகன்றது. வயது ஏறியது. சேற்றில் கால் வைத்தது. கம் அப், மை டியர், என்றது. விமலேஸ்வரிக்கு இப்போது எல்லாம் விளங்கியது. யுவர் ரூம் இஸ் என்று இழுத்து, கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நின்றது.

முற்றத்தில் ஐயாத்துரை சிரிப்பது கேட்டது.

“ஆ, இதெல்லோ எங்கட மனிசி.”